கோரா ஊரில் ஒரு சாய நூல் கடை

கேரளத்துப் பாலராமபுரம் என்றால் கோராதான். வெளுக்காமல், சாயம் ஏற்றாமல், பருத்தி அதன் சொந்த நிறத்திலேயே வேட்டியாகவும் புடவையாகவும் வருகிற ஊர். ஓரத்தில் கசவு என்கிற சரிகை ஓடினால் போதும், ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் தயார். அந்த ஊரில், அதுவும் நெசவாளர்களான சாலியர் தெருவுக்குள்ளேயே, ஒரு பெண் கையால் சாயத்தில் முக்கியெடுத்த பின்னல் நூல் விற்கிறார் என்று நெய்யாற்றின்கரைத் தோழி சொன்னபோது, உப்பளத்துக்குள் கருப்பட்டிக் கடை இருக்கிறது என்று சொன்னமாதிரி இருந்தது. போய்ப் பார்த்தேன். ஒன்றரை வருஷத்தில் ஐந்து தடவை போயாகிவிட்டது. கைக்காசு கொடுத்து வாங்கி, பின்னி, துவைத்து, நடுவில் ஒரு தடவை வயிறெரிந்து, அப்புறம்தான் இதை எழுதுகிறேன்.

கடையின் பெயரைக் கேட்காதீர்கள். பலகையே கிடையாது. "எழுதிக்கோங்க அக்கா, ஆனா ஃபோன் நம்பர் மட்டும் போட்டுராதீங்க. ஒரே நாள்ல பத்து பேர் வந்தா குடுக்க என்கிட்ட நூல் இருக்காது" என்று அவரே கேட்டுக்கொண்டார். வழி சொல்கிறேன், தேடிப் போகிறவர்களுக்கு அது போதும்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். குழித்துறைக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கிற வீட்டில் உட்கார்ந்து நான் ஸ்வெட்டர் வடிவமைக்கிறேன். "இந்த வேக்காட்டுல யாருக்குப் பிள்ளே ஸ்வெட்டர்?" என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. ஸ்வெட்டரை நான் விற்பதில்லை. அதை எப்படிப் பின்னுவது என்கிற குறிப்பை, கண்ணிக்குக் கண்ணி (ஊசியில் ஏறுகிற ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி) கணக்குப் போட்டு எழுதி விற்கிறேன். வாங்குகிறவர்கள் கனடாவிலும் நார்வேயிலும் ஸ்காட்லாந்திலும் இருக்கிறார்கள். 2007-இல் ராவெல்ரி என்கிற, பின்னல்காரர்கள் கூடுகிற இணையதளம் வந்த பிறகுதான் என்னைப்போல ஒருத்தி இங்கே இருந்துகொண்டு இப்படிப் பிழைக்க முடிகிறது. ஒரு குறிப்புக்கு ஏழு டாலர். ஆனால் அந்த ஏழு டாலருக்குள் ஒன்பது அளவு இருக்கிறது: மார்புச் சுற்று 30 அங்குலத்தில் ஆரம்பித்து நான்கு நான்காக ஏறி 62 வரை. எலிசபெத் சிம்மர்மன் என்கிற பின்னல் வடிவமைப்பாளர் அம்மாள் போட்டுக்கொடுத்த சதவீதக் கணக்கு இன்றைக்கும் எனக்குக் கைகொடுக்கிறது. உடம்புக்கு 100 கண்ணி என்றால் மணிக்கட்டுக்கு 20, கழுத்துக்கு 40. அங்கிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு அளவுக்கும் இழுத்து இழுத்துச் சரிசெய்வதில் ஒரு மாசம் போய்விடும். பின்னுவது அதில் கால்வாசி வேலைகூட இல்லை. மீதியெல்லாம் எக்செல்.

கை வந்த வழி இரண்டு. பாட்டி நாகர்கோவிலில் மிஷன் லேஸ் போட்டவர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் என்கிற மிஷனரி அம்மாள் இந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றின சின்ன மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவது. சித்தி வெல்லிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டியில் தூங்காமல் இருக்க ஊசி எடுத்தவர், லீவுக்கு வந்தபோது பதினாலு வயசில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மே மாசத்தில் நான் பின்னிய முதல் கம்பளி மஃப்ளரை யாரும் போட்டுக்கொள்ளவில்லை. அம்மை அதைக் காப்பிப் பாத்திரம் இறக்கப் பிடிதுணியாக வைத்துக்கொண்டாள். பத்து வருஷம் உழைத்தது.

சரி, நூலுக்கு வருகிறேன். நிறம் எப்படி என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது மீட்டர். குறிப்பில் 1,150 மீட்டர் என்று நான் எழுதினால், நார்வேயின் பெர்கனில் இருக்கிற ஒருத்தி அதை நம்பி 400 மீட்டர் சிட்டம் (உருண்டையாக்காமல் வளையமாகச் சுற்றிய நூல்) மூன்று வாங்குகிறாள். சீட்டில் 400 என்று போட்டுவிட்டு உள்ளே 366 தான் இருந்தால் ஐம்பது மீட்டர் குறையும். இரண்டாவது கை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் நின்றுபோகும். நூல் விற்றவரை அவள் திட்டமாட்டாள், என்னைத்தான் திட்டுவாள். அந்த 366 நான் கற்பனையாகச் சொல்கிற எண் இல்லை. ஒரு பெரிய நகரத்து விற்பனையாளரிடம் தபாலில் வாங்கிய கைச்சாய நூலை, சந்தேகம் வந்து, திண்ணையில் இரண்டு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுச் சுற்றி நானே அளந்தது. வேறொரு இடத்தில் வாங்கிய சிவப்பு இன்னும் மோசம். சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக ஒரு சால்வை. பரிசோதனைக்குப் பின்னிப் பார்த்த பெண்மணி கடைசியில் அதை நனைத்துக் காயப்போட்டார். ஆறு வாரம் பின்னியது ஒரே ராத்திரியில் ரோஸ்மில்க் ஆகிவிட்டது. படம் அனுப்பினார். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அதிலிருந்து கைச்சாய நூல் என்றாலே எனக்கு ஒரு தயக்கம். ஆலையில் சாயம் போட்டதில் ஒரே தொட்டி எண் போட்ட உருண்டைகளை எடுத்தால் நிறம் ஒன்றாக இருக்கும். கையால் முக்குவதில் ஒரு பானைக்கு மூன்று நான்கு சிட்டம், அவ்வளவுதான். அடுத்த பானை அடுத்த நிறம். பார்க்க அள்ளும். ஆனால் முன்னூறு பேருக்குக் குறிப்பு எழுதுகிறவள் அதை நம்பி எப்படி எழுதுவது? இந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினேன்.

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை. அங்கே எல்லை தாண்டி கேரளா பஸ்: இஞ்சிவிளை, பாறசாலை, உதியங்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, அப்புறம் பாலராமபுரம். எல்லையிலிருந்து இருபது கிலோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த வழி முழுக்க ஒரே மாநிலம். எங்கள் விளவங்கோடு தாலுகா இந்தப் பக்கம் வந்தது, நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றது. பலகை எழுத்து மாறுகிறதே ஒழிய வாழைக்குலை கட்டித் தொங்குகிற கடைகள் மாறுவதில்லை. ஒரு பக்கம் விழிஞ்ஞத்துக்கும் மறுபக்கம் காட்டாக்கடைக்கும் பிரிகிற ஜங்ஷனில் இறங்கி, சாலியர் தெரு எங்கே என்று கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம். தெருவுக்குள் போய்விட்டால் பதிலும் தமிழில்தான் வரும். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா காலத்தில், அரண்மனைக்குத் துணி நெய்யத் தமிழ்ப் பகுதியிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய சாலியர் குடும்பங்களின் வாரிசுகள் இவர்கள். ஊர்ப்பெயரும் அந்த ராஜாவின் பெயர்தான். இருநூறு வருஷம் ஆகியும் வீட்டுக்குள் பேசுவது தமிழ். மலையாளம் கலந்து, இழுத்துப் பேசுகிற தமிழ். எங்கள் ஊர்க்காரிக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

வாசலில் மூங்கில் கழியில் மஞ்சளும் நீலமுமாகச் சிட்டங்கள் தொங்கினால் அதுதான் வீடு. முன்னறைதான் கடை. உள்ளே காலை வைத்ததும் டொம் என்று ஒரு சத்தம் கேட்டது. அறையின் பாதி, பழைய தறிக்குழி. மாமனார் இருந்தவரைக்கும் அதில் கால் தொங்கப்போட்டு நெய்துகொண்டிருந்தாராம். இப்போது பலகை போட்டு மூடி, மேலே அலமாரி வைத்திருக்கிறார்கள். பின்கட்டில் ஒரு தறி இன்னும் ஓடுகிறது. அதில் கோரா வேட்டிதான், சாயம் போட்ட நூல் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று மாமியார் உத்தரவு. கடைக்காரப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். மாமியாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. சாயம் மருமகள் வேலை, நூல் அவர் வேலை.

இந்த மாமியாரைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சிட்டத்தை எடுத்து இரண்டு கை கட்டைவிரலிலும் மாட்டி, 'சடக்' என்று ஒரு உதறு. இழைகள் வரிசையாக விழுந்துவிடும். கண்ணை இழைமேல் ஓட்டுகிறமாதிரியே தெரியாது, விரல்தான் ஓடும். "மக்களே, இதுல முடிச்சு கெடக்கு, வேற எடு" என்று நான் கையில் வைத்திருந்ததை வாங்கி வைத்துவிட்டார். விரித்துப் பார்த்தால் ஒரு முடிச்சு இருந்தது. விற்கிற இடத்தில் வாங்காதே என்று சொல்வதை எத்தனை கடையில் பார்த்திருக்கிறோம்?

மீட்டர் கேட்டேன். மருமகள் ஒரு பழைய சுற்றுச்சட்டத்தைக் காட்டினார். ஒரு சுற்று 54 அங்குலம், அதாவது ஒன்றரை கெஜம். தறிக்காரர்கள் கணக்கில் 80 சுற்று ஒரு லீ, ஏழு லீ ஒரு சிட்டம். ஆக 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் அப்படி எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுதான் நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் நாற்பது சிட்டம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இத்தனை வருஷம் தொழில் செய்தும், மில் நூல் நம்பரை எங்கள் 'நூறு கிராமுக்கு எத்தனை மீட்டர்' கணக்குக்கு மாற்ற நான் ஒரு தளத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மாமியார் வாயாலேயே போட்டார். இருபதாம் நம்பர் நூல் எட்டு இழை சேர்த்து முறுக்கினால் இரண்டரை நம்பருக்குச் சமம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன்: நூறு கிராமுக்கு 423 மீட்டர். முறுக்குகிறபோது கொஞ்சம் சுருங்கும், அதைக் கழித்தால் 400. அந்தச் சட்டத்தில் 292 சுற்று சுற்றினால் சரியாக 400 மீட்டர் வரும். அவர்கள் சுற்றுவதும் 292 தான். நான் வாங்கிய முதல் மூன்று சிட்டத்தை நாற்காலி கவிழ்த்து அளந்ததில் 396, 401, 403. இந்தக் கடைக்கு நான் கொடுக்கிற முழு மதிப்பெண்ணும் இந்த மூன்று எண்ணுக்குத்தான். நிறமெல்லாம் அதற்கப்புறம்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். பருத்தி கம்பளியைவிடக் கனமான நார், காற்றும் கம்மியாகத்தான் பிடிக்கும். அதனால் 400 மீட்டர் கம்பளியும் 400 மீட்டர் பருத்தியும் ஒரே தடிமன் இல்லை, பருத்தி மெலிந்து நிற்கும். கம்பளியில் 3 மில்லிமீட்டர் ஊசியில் பத்து சென்டிமீட்டருக்கு 28 கண்ணி வருகிற எனக்கு, இதில் 2.75 ஊசியில் 30 வந்தது. சாம்பிள் பின்னாமல் நேராக ஸ்வெட்டரில் இறங்கினால் பிறகு நூலைக் குறை சொல்லக்கூடாது. பருத்திக்கு இழுத்தால் திரும்பிச் சுருங்குகிற குணமும் கிடையாது. இடுப்புப் பட்டியை இன்னும் சின்ன ஊசியில் பின்னுங்கள், இல்லையென்றால் ஒரு மாசத்தில் பாவாடை நாடா போட்டுக் கட்டவேண்டிவரும்.

இனி நிறம். இங்கே வாங்கவேண்டியது இரண்டே இரண்டு: பலா மஞ்சள், அவுரி நீலம்.

பலா மஞ்சள் என்றால் பலாப்பழ நிறம் என்று நினைத்தேன். பலாமரத் தூளாம். மரத்தின் வயிரப் பகுதியை அறுக்கும்போது கொட்டுகிற மஞ்சள் தூள். இந்தப் பக்கம் கதவு, கட்டில், ஊஞ்சல் எல்லாம் பலாவில் செய்வதால் ஆசாரிப் பட்டறைகளில் அது சாக்குச் சாக்காகக் கிடக்கும். எங்கள் வீட்டில் கட்டில் செய்தபோது அதை நாங்கள் அடுப்பில் போட்டோம். இவர் அதை ராத்திரி முழுக்க ஊறவைத்து, கொதிக்கவைத்து, துவர்த்துத் துண்டில் வடிகட்டுகிறார். நூலை முதலில் கடுக்காய் நீரில் போட்டு, பிறகு படிகாரத்தில் முக்கி எடுத்து, அதற்கப்புறம்தான் சாயப்பானை. பருத்திக்குச் சாயத்தைப் பிடித்துவைக்கிற குணம் குறைச்சல், அதனால் இத்தனை உபசாரம். தண்ணீர் மழைத்தண்ணீர்தான். ஏன் கிணறு வேண்டாம் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு டம்ளரில் கிணற்றுத் தண்ணீர் மொண்டு, துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு, ஒரு முழம் மஞ்சள் நூலையும் போட்டு ஜன்னலில் வைத்தார். நான் கட்டன் சாயா குடித்து முடித்துத் திரும்பிப் பார்க்கிறேன், நூல் வாடின வாழை இலை நிறத்தில் கிடக்கிறது. "கெணத்துல இந்த ஆணி கரைஞ்சு கெடக்குன்னு வெச்சுக்கோங்க அக்கா." செம்மண் பூமியில் இரும்பு இல்லாத கிணற்றுக்கு எங்கே போவது? அதனால் மழை இல்லாத மார்ச், ஏப்ரலில் மஞ்சள் குறைவாகத்தான் இருக்கும். கேட்டுவிட்டுப் போங்கள்.

மஞ்சள் என்றதும் சமையல் மஞ்சள் நினைவுக்கு வந்திருக்கும். அதுவும் சாயம்தான், ஆனால் வெயிலில் ஒரு வாரம் தாங்காது. பலா அப்படி இல்லை. ஜன்னலோரம் பாதி மூடி, பாதி திறந்து மூன்று மாசம் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் மங்கியது, ஆனால் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

அவுரித் தாழி பின்கட்டுக்கும் வெளியே, தென்னை மூட்டில் இருக்கிறது. அதன் வாசம் அப்படி. திண்டிவனம் பக்கத்திலிருந்து வருகிற அவுரிக் கட்டி, சுண்ணாம்பு, அவித்த தகரை விதை. புளித்துக் கிடக்கிற தாழியில் மேலே செம்புநிற ஆடை படர்ந்திருந்தால் பக்குவம் சரி. நூலை மெல்ல இறக்கி, காற்று புகாமல் அமுக்கி வைத்திருந்து எடுக்கிறார். வெளியே வரும்போது அது நீலம் இல்லை, பச்சை கலந்த மஞ்சள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து பச்சையாகி, பிறகு நீலம் பரவிக்கொண்டே வந்தது, மைக்கூடு கவிழ்ந்தமாதிரி. காற்றுப் பட்டால்தான் அவுரிக்கு நிறம். திரும்பவும் முக்குகிறார். நான்கு முக்கு வானநீலம், ஒன்பது முக்கு கருநீலம். விலையும் முக்குக்கு ஏற்றபடி.

கருநீலம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: கையில் ஒட்டும். சாயம் போவது வேறு, இது வேறு. நாரின் மேலே உட்கார்ந்திருக்கிற நீலம் உரசினால் வருகிறது. என் மூங்கில் ஊசி இரண்டும் நீலமாகி இன்றுவரை அப்படியே இருக்கின்றன. நான் நூலை இடதுகை ஆள்காட்டி விரலில் சுற்றிப் பிடித்துப் பின்னுகிறவள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பக்கத்தில் இருந்த பெண்மணி விரலைப் பார்த்துவிட்டு, "எலெக்‌ஷன் முடிஞ்சுதானே? இன்னும் மை போகலியா?" என்று கேட்டார். வாங்கியதும் சோப்புநீரில் இரண்டு தடவை அலசி, தண்ணீர் தெளிந்த பிறகு பின்னுங்கள். கடையிலேயே அதைச் செய்து கொடுத்தால் என்ன என்று கேட்டேன். "தண்ணி எங்கக்கா?" என்றார். நியாயம்தான். ஆனாலும் காசு கொடுத்து வாங்குகிறவள் கேட்கத்தான் செய்வாள்.

கம்பளி நூலும் வைத்திருக்கிறார். அதைப் பற்றி நல்லவிதமாக எழுத ஆசைதான், முடியவில்லை. வெளிநாட்டு மெரினோ ஆட்டுக் கம்பளி, சூப்பர்வாஷ் செய்தது. அதாவது நாரின் மேலிருக்கிற செதில்களைக் குளோரினால் மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூச்சுக் கொடுத்தது; மெஷினில் போட்டாலும் சுருங்கிக் கட்டியாகாது. இப்படிச் செய்த கம்பளி சாயத்தைக் கண்டதும் குடித்துவிடும். அதற்கு ஆசிட் சாயம், எலுமிச்சை உப்பு, கொதிக்கு முன்னால் நிற்கிற சூடு. எல்லாம் முறையாகத்தான் செய்கிறார், அதற்கென்று ஒரு பழைய இட்லிப்பானை தனியாக. அதில் இட்லி அவிப்பதில்லை என்று மாமியார் கேட்காமலேயே சத்தியம் செய்தார். ஆனால் பருத்தியில் இருக்கிற கை இதில் இல்லை. பொட்டுப்பொட்டாக நிறம் தூவுகிறேன் என்று ஏழு நிறம் போட்டு, அது பின்னியதும் சாந்துச் சட்டி மாதிரி ஆகிவிடுகிறது. ஜூன் மாசம் வாங்கியதில் ஈரவாடை வேறு. நூறு கிராம் 1,500 ரூபாய். அந்த விலைக்கு இந்தக் கம்பளியை எடுக்கவேண்டாம். நேரிலும் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் அடுத்த தடவை போனபோது மூன்று நிறத்தோடு நிறுத்திய ஒரு சிட்டத்தை எடுத்துக் காட்டினார். பரவாயில்லை ரகம்.

எங்கிருந்தோ கப்பலில் வருகிற மெரினோவை விட்டுவிட்டு, நீலகிரிக்கென்றே ஓர் ஆட்டினம் இருக்கிறதே, அந்தக் கம்பளியைப் போடக்கூடாதா என்று கேட்டும் பார்த்தேன். 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியா மெரினோவும் செவியட்டும் சவுத்டவுனும் கலந்து உருவான இனம். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் அதைக் காப்பாற்றி வளர்க்க ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. சித்தி வெல்லிங்டனிலிருந்து கொண்டுவந்த முதல் நூல் அந்தக் கம்பளி என்றுதான் என் நினைப்பு, நிரூபிக்க முடியாது. "ஆட்டுக்கு நீங்க வழி பண்ணுங்க, சாயத்துக்கு நான் ஆச்சு" என்றார். நானும் பண்ணவில்லை.

இப்போது வயிறெரிந்த கதை. மூன்றாவது தடவை போனபோது பலா மஞ்சளில் நான்கு சிட்டம் எடுத்தேன். கழுத்திலிருந்து கீழே இறங்குகிற ஸ்வெட்டர், வெறும் நிட் கண்ணிதான், எந்த வேலைப்பாடும் இல்லாமல் நிறத்தையே நம்பி வடிவமைத்தது. ராத்திரி டியூப்லைட்டில் பின்னுகிற பழக்கம். நெஞ்சு தாண்டி இறங்கியாகிவிட்டது. காலையில் முற்றத்தில் வைத்துப் படம் எடுக்கப் போனால், கையிடுக்குக்கு நேராகக் கோடு போட்டமாதிரி நிறம் மாறுகிறது. மேலே பொன், கீழே எலுமிச்சை. பதினொரு நாள் வேலை. கோபத்தில் ஃபோன் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சீட்டுக்குப் பின்னால பாத்தீங்களா அக்கா?" என்றார்.

அவர் விலைச் சீட்டு எழுதுவது பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டித்தான். முன்பக்கம் நிறம், மீட்டர், விலை. திருப்பிப் பார்த்தேன். மணமகன் வீட்டார் பெயருக்கு நடுவில், பென்சிலில், சின்னதாக 1. இன்னொன்றிலும் 1. மூன்றாவதிலும் 1. நான்காவதில் 2. முதல் பானையில் முக்கியதற்கு ஒன்று, அதே சாயநீரில் மறுபடி முக்கியதற்கு இரண்டு. இரண்டாம் முக்கில் நிறம் இறங்கத்தான் செய்யும். அவர் எழுதியிருக்கிறார், நான் படிக்கவில்லை. ஆனாலும் தங்கச்சி, பென்சிலில், பத்திரிகைக்குப் பின்னால், கொசு அளவுக்கு எழுதினால் யாருக்குத் தெரியும்? இதை அவரிடமே சொன்னேன். இப்போது முன்பக்கத்தில் பேனாவில் எழுதுகிறார். நானும் ஒன்று கற்றுக்கொண்டேன். கைச்சாய நூலில் வடிவமைத்தால் இரண்டு சிட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு வரிசைக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பின்னச் சொல்லிக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். நிற வித்தியாசம் துணி முழுக்கப் பரவிக் கரைந்துவிடும். அவிழ்த்த மஞ்சளை அப்படித்தான் திரும்பப் பின்னினேன். பொன்னும் எலுமிச்சையும் கலந்து, வெயில் விழுந்த வைக்கோல் மாதிரி ஆனது. என் குறிப்புகளில் இப்போது அதிகம் விற்பது அதுதான்.

விலை: சாயம் போடாத கோரா நூறு கிராம் 210 ரூபாய், பலா மஞ்சள் 340, அவுரி 420-இல் ஆரம்பித்து முக்குக்கு ஏற்ப ஏறும். தேங்காய்த் தொண்டில் எடுத்த ஒரு மங்கின ரோஸ் இருக்கிறது, அதுவும் 340. வயசானவர்கள் போட்டால் நன்றாக இருக்கும், அதாவது என்னைப்போன்றவர்கள். சிவப்பு கிடையாது. ஏன் என்றதற்கு, "எனக்கு இன்னும் ஓடாத சிவப்பு வரல. வந்ததும் சொல்றேன்" என்றார். ரோஸ்மில்க் சால்வையை நினைத்துக்கொண்டேன். கார்டு வாங்கமாட்டார்கள், ஜிபே உண்டு. மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை மாமியார் தூங்குகிற நேரம், கதவைத் தட்டாதீர்கள். நூலை உருண்டையாகச் சுற்றித் தருவதில்லை, சிட்டமாகத்தான் தருவார்கள். வீட்டில் சுற்றுகிற குடைச் சட்டம் இல்லாதவர்கள் என்னைப்போல நாற்காலியைக் கவிழ்க்கவேண்டியதுதான். அல்லது கையை நீட்டிக்கொண்டு உட்கார வீட்டுக்காரர் சம்மதிக்கவேண்டும். என் வீட்டுக்காரர் கிரிக்கெட் இருந்தால் சம்மதிப்பார்.

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்கைத்தான் எடுத்துப்போடுகிறார்கள். குழந்தைத் தொப்பிக்கும் கதவுத் தோரணத்துக்கும் அது போதும், விலையும் கம்மி. குரோஷே போடுகிறவர்கள் மேசைவிரிப்புக்கு என்று இங்கே வந்தால் கோரா நூலோடு திரும்புங்கள், அதை அடிக்க வேறு எதுவும் இல்லை. உடம்பில் போடுகிற ஒன்றைப் பின்னுகிறவர்கள், இந்த வெயிலிலும் போடக்கூடிய ஒன்றைப் பின்ன நினைக்கிறவர்கள், பலாவையும் அவுரியையும் எடுங்கள். வடிவமைக்கிறவர்கள் வந்தால், தேவைக்குமேல் ஒரு சிட்டம் சேர்த்து வாங்குங்கள். நான் இந்த முறை வாங்கவில்லை.

போன வாரம் ஃபோன் போட்டேன். புது ஸ்வெட்டரில் உடம்பு முடிந்துவிட்டது, கைக்கு இன்னும் ஒரு சிட்டம் மஞ்சள் வேண்டும், பழைய சீட்டு எண்ணையும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. மாமியாரிடம் ஏதோ கேட்கிற சத்தம்.

"அக்கா, அந்த மரம் தீந்துபோச்சு. ஆசாரி இப்ப வேற மரம் அறுக்கிறாரு."

முழுக்கையை முக்கால் கையாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.